டாட் வைப்பதா, ஸ்லாஷ் போடுவதா?

வானொலி அறிவிப்பாளர்களுக்கு நேரலையில் வரும் சங்கடங்களில் ஒன்றை நேயர்கள் அவ்வளவாகக் கவனித்திருக்க மாட்டார்கள். ஓர் இணைய முகவரியை வாய்விட்டு வாசிப்பதுதான் அது.

2023 மார்ச் மாதம். ஜொகூரில் விடாத மழை. என் சொந்த ஊரான சிகாமட் வெள்ளத்தில் நின்றது. நான் கோலாலம்பூரில் இரவு நிகழ்ச்சியில் இருந்தேன். ஊரிலிருக்கும் எங்கள் சங்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. சமைத்த உணவு எங்கே கிடைக்கும், குழந்தைகளுக்கு மாற்றுத் துணி யாரிடம் இருக்கிறது, படகு வேண்டுமென்றால் யாரை அழைப்பது என எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தன. "நேயர்களே, எழுதிக்கொள்ளுங்கள்" என்று தொடங்கினேன். சங்கத்தின் பெயர், டாட், ஓஆர்ஜி, டாட், எம்ஒய், ஸ்லாஷ், இண்டெக்ஸ், டாட், பிஎச்பி, கேள்விக்குறி, பேஜ், அண்டர்ஸ்கோர், ஐடி, சமக்குறி...

கேள்விக்குறி வந்தபோதே எனக்கு வியர்த்துவிட்டது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகளை மேசைமேல் உட்கார வைத்துவிட்டு, இதையெல்லாம் யார் எழுதிக்கொள்ளப் போகிறார்கள்? பாதியில் நிறுத்தினேன். மகளிர் பிரிவிலுள்ள ஓர் அக்காவிடம் அனுமதி கேட்டு, அவருடைய கைப்பேசி எண்ணைச் சொன்னேன். அன்றிரவு அத்தனை அழைப்புகளும் அந்த ஒரே எண்ணுக்குப் போயின. விடிவதற்குள் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவர் இருந்த இடத்தில் மின்சாரமும் இல்லை.

பக்கம் இருந்தது. தகவலும் சரியாக இருந்தது. முகவரிதான் யார் வாயிலும் நுழையவில்லை.

மேசைமேல் மூன்று பிரிவுகள்

2025 மார்ச்சில் இ.டி.எஸ். ரயில் சிகாமட் வரை வரத் தொடங்கியதிலிருந்து நான் ஊருக்கு வருவது அதிகமாகிவிட்டது. அப்படி வந்த ஒரு சனிக்கிழமை மாலை, சங்கத்தார் என்னையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள். இணையத்தளத்தில் மூன்று புதிய பிரிவுகள் தொடங்கப்போகிறார்கள். முதலாவது, மாணவர்களுக்கான கல்வி நிதி. இரண்டாவது, வெள்ளக் காலத் தகவல். மூன்றாவது, தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களின் குரல் பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் என்ன முகவரி வைப்பது என்பதுதான் அன்றைய கேள்வி.

"நீதான் ரேடியோவில இருக்கியே, சொல்லும்மா" என்றார் பொருளாளர். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எல்லாருக்கும் அவர் 'சார்'தான்.

"எனக்கு வாசிக்கத்தான் தெரியும் சார், வைக்கத் தெரியாது" என்றேன். நல்லவேளை, ஜொகூர் பாருவில் கணினித் துறையில் வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி கூட்டத்துக்கு வந்திருந்தாள். தே தாரேக் கோப்பையை நகர்த்திவிட்டு, மேசையில் விரித்திருந்த பழைய நாளிதழின் ஓரத்தில் இரண்டு கோடுகள் போட்டுக் காட்டினாள்.

சங்கத்தின் முகவரி ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். புதிய பிரிவை அதன் பின்னால் ஸ்லாஷ் போட்டுச் சேர்த்தால், அது அந்த வீட்டுக்குள் ஓர் அறை. வாசல் ஒன்று, மின்கட்டணம் ஒன்று, பூட்டு ஒன்று. பெயருக்கு முன்னால் எழுதி டாட் வைத்துச் சேர்த்தால், அது அதே வளாகத்தில் கட்டிய தனி வீடு. மின்மீட்டர் தனி, வாசல் தனி. வேறு கணினியில் வேறு ஆளின் பொறுப்பில்கூட அதை நடத்தலாம். மூன்றாவது வழி, புதிதாக ஒரு பெயரையே வாங்குவது. அது வேறு தாமானில் வேறு மனை. ஆண்டுதோறும் அதற்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும்.

"இதுல எது சரி?" என்றார் சார்.

"எல்லாமே சரிதான் சார். யார் பராமரிக்கப் போறாங்கங்கிறதுதான் கேள்வி."

அறையா, தனி வீடா?

நாம் தினமும் திறக்கும் பக்கங்களிலேயே இந்த இரண்டு வழிகளையும் பார்க்கலாம். 1941இல் வானொலிச் சேவையாகத் தொடங்கிய பிபிசி தமிழின் முகவரி, பிபிசி டாட் காம் ஸ்லாஷ் தமிழ். ஒரே நிறுவனம், ஒரே வீடு. அதில் தமிழுக்கு ஓர் அறை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா வேறு வழியில் போனது. 'டிஏ' என்ற இரண்டு எழுத்து முன்னால் வருகிறது. பிறகு டாட் விக்கிப்பீடியா டாட் ஓஆர்ஜி. தனி வீடு. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். அங்கே ஒவ்வொரு மொழிக்கும் தனியாக முதற்பக்கம், தனி நிர்வாகிகள், தனி விதிமுறைகள் உண்டு. தமிழ்க் கட்டுரைகள் ஆங்கிலக் கட்டுரைகளின் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டியதில்லை. குடும்பம் தனி என்பதால் வீடும் தனி.

நம் நாட்டு வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் தளமும் டாட் வழிதான். பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் என்று முன்னால் வந்து, வாட்டர் டாட் கவ் டாட் எம்ஒய் என்று முடிகிறது. ஆற்று நீர்மட்டமும் மழையளவும் ஓயாமல் புதுப்பிக்கப்படும் தளம் அது. துறையின் மற்றப் பக்கங்களிலிருந்து அது தனியாக நிற்பதில் பொருள் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் என்னவென்றும் தெரிந்துவிடுகிறது.

கூகுள் தேடலில் எது முன்னால் வரும் என்று இளைஞர் பிரிவுத் தம்பி கேட்டான். இரண்டு முறையும் சரியே, உங்களால் நடத்த முடிந்ததைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் கூகுள் தரப்பும் சொல்லி வந்திருக்கிறது. ஆகவே அந்தக் கவலையை ஒதுக்கிவைத்தோம்.

புதுப் பெயர் வாங்கலாமே என்ற யோசனையைச் சார் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு விழாக் குழு, ஒரே ஒரு ஆண்டு விழாவுக்காகத் தனி முகவரி வாங்கி அழைப்பிதழிலும் அச்சடித்தது. விழா முடிந்தது. அடுத்த ஆண்டு கட்டணம் கட்ட யாருக்கும் நினைவில்லை. கைவிட்ட பெயரை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். இன்று அந்த அழைப்பிதழில் இருக்கும் முகவரியைத் தட்டினால் சூதாட்டப் பக்கம் திறக்கிறது. சாமி படத்துக்குக் கீழே அச்சான முகவரி அது.

டாட் வழியிலும் இதே போன்ற ஆபத்து உண்டு என்றாள் தங்கச்சி. வளாகத்திலுள்ள தனி வீட்டை வெளி நிறுவனம் ஒன்றின் சேவைக்குச் சுட்டி வைத்திருப்போம். பிறகு அந்தச் சேவையை ரத்து செய்துவிட்டு, சுட்டியை நீக்க மறந்துபோவோம். அந்தக் காலி இடத்தை வேறு யாராவது பிடித்துக்கொண்டு, நம் பெயரிலேயே கடை விரிக்கலாம். வீட்டைக் காலி செய்தால் பெயர்ப்பலகையையும் கழற்றிவிட வேண்டும்.

கிராணியின் உபகாரம்

அந்தப் பேச்சு நடக்கும்போது எனக்கு என் அப்பாயியின் ஞாபகம் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அவரை நான் வானொலிக்காகப் பேட்டி கண்டிருந்தேன்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் அவர்களுடைய முகவரியில் வீட்டு எண் கிடையாது. ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், சிகாமட். அவ்வளவுதான். ஊரிலிருந்து, அதாவது தமிழ்நாட்டிலிருந்து, வரும் கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வரும். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. அப்பாயி குடும்பமும் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் ஊரிலிருந்த தம்பிக்குப் பழைய முகவரி மட்டும்தான் தெரியும்; அவர் அங்கேயே எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடிதங்கள் தொலைந்து போகவில்லை. தோட்டத்துக் கிராணி ஒருவர், யார் எந்தத் தாமானுக்குப் போனார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். கடிதம் வந்தால் பழைய முகவரியை அடித்துவிட்டுப் புதியதை எழுதித் திரும்பவும் தபாலில் சேர்த்துவிடுவார். "அந்தக் கிராணி இல்லேன்னா என் தம்பி செத்த சேதிகூட எனக்கு வந்திருக்காது" என்று அப்பாயி பேட்டியில் சொன்னார்.

இணையத்தில் அந்தக் கிராணியின் வேலைக்கு 301 என்று ஓர் எண் இருக்கிறது. பழைய முகவரிக்கு யாராவது வந்தால், 'இவர் நிரந்தரமாக இடம் மாறிவிட்டார், புது இடம் இது' என்று கணினி அவர்களை அங்கே அனுப்பிவிடும். நோட்டுப் புத்தகம் எழுதாவிட்டால் வருவது 404. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று பொருள்.

அப்பாயியின் அந்தப் பேட்டிக்கே 404 தான் நேர்ந்தது. அவர் காலமானபோது, பதினாறாம் நாள் நினைவு அட்டையில் அந்தப் பதிவின் கியூஆர் குறியீட்டை அச்சிட்டிருந்தோம். குரலை எல்லாரும் கேட்கட்டும் என்பது அப்பாவின் ஆசை. சில மாதங்களில் அந்த வானொலி நிலையம் தன் இணையத்தளத்தைப் புதுப்பித்தது. பேட்டியின் முகவரி, நின்றுபோன ஒரு நிகழ்ச்சியின் பெயருக்குக் கீழே இருந்தது. நிகழ்ச்சி இல்லாததால் பிரிவையும் எடுத்துவிட்டார்கள். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். இன்றும் எங்கள் உறவினர் வீடுகளில் அந்த அட்டை சாமி மேடையில் இருக்கிறது. ஸ்கேன் செய்தால் பக்கம் இல்லை என்று வருகிறது.

எதை முகவரியில் சேர்க்கக்கூடாது?

வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல முகவரி மாறாது என்பது அதன் சாரம். முகவரி தானாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள். நாளை மாறக்கூடிய எதையும் இன்றைய முகவரியில் நுழைக்காமல் இருப்பதுதான் வழி என்றார். எழுதியவர் பெயர், பக்கத்தை உருவாக்கிய மென்பொருளின் அடையாளம், கோப்பின் வால் எழுத்துகள் ஆகியவை அவர் தவிர்க்கச் சொன்னவற்றில் சில. வெள்ளத்தன்று என்னைத் திணறவைத்த பிஎச்பியும் கேள்விக்குறியும் அந்த வகைதான்.

எங்கள் சங்கத்தில் இன்னொரு வகையும் இருந்தது. 2023 வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தகவல் பக்கத்தைச் செம்மைப்படுத்தி 'மகளிர் பிரிவு' என்ற தலைப்பின் கீழ் வைத்திருந்தார்கள். உணவுப் பொட்டலம் கட்டியது மகளிர் பிரிவு என்பதால் அப்படி. வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவருக்கு நம் நிர்வாக அமைப்பு எதற்கு? யார் செய்கிறார்கள் என்பதைவிட, வருகிறவர் எதைத் தேடி வருகிறார் என்பதே முகவரியில் இருக்க வேண்டும்.

ஆண்டு எண்ணைப் பற்றியும் பேச்சு வந்தது. கல்வி நிதிப் பக்கத்தின் பெயரிலேயே ஆண்டைச் சேர்த்துவிட்டால், அடுத்த ஆண்டு புது முகவரி வேண்டும். பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பழைய சுவரொட்டியைப் பார்த்து வரும் மாணவன், முடிந்துபோன விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் இப்படி நடந்தால், ஒரு பிள்ளையின் வாய்ப்பே போய்விடலாம். ஆகவே கல்வி நிதி ஸ்லாஷ் வழியில், ஆண்டு இல்லாமல், என்றைக்கும் நடப்பு விண்ணப்பத்தையே காட்டும். முடிந்த ஆண்டுகளின் விவரங்கள் அதற்குள் ஆண்டுவாரியாக அடுக்கப்படும். ஒரு விவரம் எந்த ஆண்டுக்குரியது என்பது மாறாது. அதை எழுதுவதில் தவறில்லை.

தமிழில் எழுதினால் என்ன?

"முகவரியைத் தமிழ்லயே வெச்சா என்னம்மா? நம்ம சங்கந்தானே" என்றார் சார். ஆசைப்படத்தக்க கேள்விதான். டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா, டாட் இலங்கை என்று முடியும் முகவரிகளைத் தமிழ் எழுத்திலேயே இன்று வைக்கலாம். மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் அப்படி ஒரு முடிவெழுத்து உண்டு, தமிழில் இல்லை. ஆனால் ஸ்லாஷுக்குப் பிறகு வரும் பகுதியில் தமிழை எழுதத் தடையில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகளின் பெயர்கள் முகவரியில் தமிழிலேயே நிற்கின்றன.

சிக்கல் வருவது அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதுதான். பல நேரங்களில் தமிழ் எழுத்துகள் சதவீதக் குறிகளாக மாறிவிடும். 'தமிழ்' என்ற சொல்லைக் கணினி ஐந்து குறிகளாகச் சேமிக்கிறது. ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரியும். மூன்றெழுத்துச் சொல் 45 எழுத்தாகிவிடும். அதைப் படிக்கிறவர் மோசடி லிங்க் என்று பயந்து அழித்துவிடுவார்.

சரி, ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்றால் வேறு தகராறு. 'தோட்டம்' என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம். மேசையில் இருந்த ஆறு பேர் நான்கு விதமாக எழுதினார்கள். ஹெச் உண்டா, டீ ஒன்றா இரண்டா? நம் ஊர்ப் பெயரையே தமிழில் சிகாமட், செகாமட் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோமே!

இதற்கு விடை தமிழ் இணையத்தின் பழைய முயற்சி ஒன்றில் இருக்கிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றி வருகிறது. அங்கே நூல்களுக்குப் பெயரைவிட எண்தான் முகவரி. திருக்குறளின் எண் 0001. யூனிகோட் பதிப்பு ஓர் அடைவில், பிடிஎஃப் பதிப்பு இன்னோர் அடைவில். எண் இரண்டிலும் ஒன்றே. 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகத் திட்டமும் ஆவணங்களுக்கு எண்தான் கொடுக்கிறது. தலைப்பைத் திருத்தலாம், எழுத்துக்கூட்டலைத் திருத்தலாம், வகையை மாற்றலாம். எண் அப்படியே இருக்கும். சொல்லவும் எளிது.

முடிவு செய்தது

பெரியவர்களின் குரல் பதிவுகளுக்கு ஸ்லாஷ் வழி. 'கதை' என்ற சிறிய சொல், அதன் பிறகு ஓர் எண். கதை 1, கதை 2 என்று போகும். அது சங்கத்தின் சொத்து. சங்கத்தின் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

வெள்ளத் தகவலுக்கு மட்டும் டாட் வழி. மழை நாளில் ஒரே நேரத்தில் எல்லாரும் திறப்பார்கள். முதன்மைத் தளம் பாரம் தாங்காமல் படுத்துவிட்டாலும் இது தனிக் கணினியில் நிற்க வேண்டும். பெயர் 'பஞ்சிர்' என்று முடிவானது. தமிழ்ச் சங்கத்தின் பக்கத்துக்கு மலாய்ப் பெயரா என்று ஒருவர் தயங்கினார். மகளிர் பிரிவு அக்கா சிரித்துவிட்டு, "தண்ணி என்ன பாஷை பார்த்தா வருது? அன்னைக்கு எனக்கு போன் பண்ணவங்கள்ல பாதிப் பேர் மலாய்க்காரங்க, சீனவங்கதான்" என்றார். அதோடு விவாதம் முடிந்தது.

பழைய முகவரிகள் ஒவ்வொன்றையும் புதியதற்கு அனுப்பும் பட்டியலைத் தங்கச்சி தயார் செய்கிறாள். முகவரிக் கட்டணத்தைக் கட்டும் நாள், யாரிடம் கடவுச்சொல் இருக்கிறது என்பதெல்லாம் சாரின் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஏறியிருக்கின்றன. "இப்ப நான்தான் கிராணி" என்றார் சார்.

உங்கள் சங்கமோ, பள்ளியோ, கடையோ புதுப் பக்கம் தொடங்குகிறதா?

• முகவரியைத் தொலைபேசியில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரே தடவையில் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

• அதே ஆட்கள், அதே பராமரிப்பு என்றால் ஸ்லாஷ். தனிக் கணினி, தனிப் பொறுப்பாளர் தேவை என்றால் டாட். ஆண்டுதோறும் கட்டணம் கட்ட ஆள் இருந்தால் மட்டும் புதுப் பெயர்.

• தலைவர் பெயர், பிரிவின் பெயர், 'புதிய' என்ற சொல், மென்பொருளின் வால் எழுத்துகள் வேண்டாம். ஆண்டுதோறும் தொடரும் பக்கத்தின் முகவரியில் ஆண்டு வேண்டாம்.

• அச்சிடும் முன்பே முகவரியை முடிவு செய்யுங்கள். கியூஆர் குறியீடு அச்சான பிறகு அதைத் திருத்த முடியாது.

• மாற்றியே ஆகவேண்டும் என்றால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழிகாட்டியை வையுங்கள். அதை எடுத்துவிடாதீர்கள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, அலமாரியில் கிடந்த பழைய பென்டிரைவ்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நான்காவதில் அப்பாயியின் பேட்டி முழுதாக இருந்தது. அதைக் கதை 4 என்று ஏற்றியிருக்கிறோம். பழைய நினைவு அட்டையின் குறியீட்டை என்னால் திருப்ப முடியாது. அந்த வாசல் என் கையில் இல்லை. அதனால் புதுக் குறியீட்டைச் சிறு ஒட்டுத்தாளில் அச்சிட்டு, உறவினர் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் அட்டைமேல் ஒட்டிவிட்டு வருகிறேன்.

போன வாரம் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து வெள்ளப் பக்கத்தின் முகவரியைச் சொன்னேன். பஞ்சிர், டாட், சங்கத்தின் பெயர், டாட், ஓஆர்ஜி, டாட், எம்ஒய். திரும்பச் சொல்லு என்று அம்மா கேட்கவில்லை. நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி, சமையலறைக் கதவில் மாட்டிவிட்டதாகச் சொன்னார்.